பதினொரு மணிக்குச் சிவக்கும் கோடு

அந்த மருத்துவமனையில் எக்ஸ்டென்ஷன் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவருடைய உண்மைப் பெயரைக் கேட்டால் மட்டும் வருகைப் பதிவேட்டைப் புரட்டித்தான் சொல்லவேண்டியிருக்கும். இருபத்திரண்டாம் வயதில் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவர். மூன்றாம் வாரமே நூற்று நாற்பது எக்ஸ்டென்ஷன் எண்களும் மனப்பாடம். "அந்த எலும்பு டாக்டரைக் கொஞ்சம்..." என்று யாராவது இழுப்பதற்குள் எலும்பு டாக்டரின் அறையில் மணி அடித்துக்கொண்டிருக்கும். பட்டப்பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

பிறகு கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கக் கேபிள் இழுக்க வந்த ஆட்களின் பின்னாலேயே போய் நின்றுகொண்டு, இது எங்கே போகிறது, அது எதற்கு என்று துளைத்துத் துளைத்துக் கேட்டார். கேபிள் முனையில் எட்டு மெல்லிய கம்பிகளை நிறம் பார்த்து அடுக்கிக் கிளிப் அடிக்க அவர்களைவிட நேர்த்தியாகக் கற்றுக்கொண்டார். ஆபரேட்டர் வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோனது. நெட்வொர்க் வேலை கொஞ்சம் கொஞ்சமாக அவர் தலையில் ஏறி உட்கார்ந்தது. யாரும் கூப்பிட்டுக் கொடுத்த வேலை இல்லை அது. அறைக் கதவில் பதவியின் பெயரை மாற்றி எழுதியபோது, அவர் அந்த வேலையைப் பார்க்க ஆரம்பித்து ஆறு வருடம் ஓடியிருந்தது.

நான்கு மாடிக் கட்டிடம். எந்தச் சுவருக்குள் எந்தக் கேபிள் ஓடுகிறது, எந்த ஸ்விட்ச் எந்த அலமாரிக்குள் இருக்கிறது என்பதெல்லாம் அக்காவின் தலைக்குள் இருந்தது. ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. பத்து இருபது கேபிள்கள் வந்து கூடும் பெட்டி. ஒருமுறை மேலிடத்திலிருந்து கேட்டார்கள் என்பதற்காக, ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பெரிய தாளில் வரைந்து, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் மேசைக்குப் பின்னால் மாட்டிவைத்தார். அது நடந்து ஒன்பது வருடம். அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. தாளில் ஒரு கோடுகூட மாறவில்லை. "படமெல்லாம் எதுக்கு? என்னைக் கேட்டா சொல்லப்போறேன்" என்பார். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இல்லையென்று அவரே சொல்லமாட்டார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இருபது வருடம் ஏணியில் ஏறி இறங்கியவர், ஒரு காலை வீட்டு வாசலில் ஈரமான மிதியடியில் கால் வைத்து விழுந்தார். கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்று அவருடைய மருத்துவமனையின் எலும்பு டாக்டரே கட்டுப்போட்டு அனுப்பினார்.

வீட்டில் அக்காவும் கணவரும் நாத்தனாரும் மட்டும்தான். கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர்; பேச்சு குறைவு, பேசினால் சிரிப்பு வரும். கணவரின் அக்காவான நாத்தனாருக்குப் பேச்சு குறைவு என்ற குறையே கிடையாது. ஆனால் ஆறு வாரமும் தம்பி மனைவியை ஒரு டம்ளர் எடுக்கவிடாமல் பார்த்துக்கொண்டது அவர்தான்.

மூன்றாம் வாரம், காலை பத்து மணிக்குப் போன் வந்தது. மருத்துவமனையின் எலக்ட்ரீஷியன் பேசினார். அக்காவோடு பதினைந்து வருடம் ஏணி பிடித்தவர்.

"அக்கா, மருந்தகத்துல ஆறு கம்ப்யூட்டரும் நின்னுபோச்சு. மாத்திரை வாங்க வந்தவங்க வாசப்படி வரைக்கும் நிக்கிறாங்க. என்ன பண்ணட்டும்?"

"பதறாதீங்க. முதல் மாடி அலமாரியத் திறங்க. நடு ஸ்விட்ச்சுல இடது பக்கத்துலேர்ந்து நாலாவது, நீல ஒயர். அதக் கழட்டித் திரும்ப மாட்டுங்க."

"நீலம் மூணு இருக்கே?"

"நாலாவதுன்னு சொன்னேன்ல."

கழற்றினார். மருந்தகம் எழுந்திருக்கவில்லை, பெண்கள் வார்டும் சேர்ந்து படுத்துவிட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு அந்த அலமாரியை மனதுக்குள் பார்த்தபடி அடுத்த ஒயரைச் சொன்னார். அதுவும் தப்பு. அவர் விடுப்பில் இருந்த சமயம் யாரோ வெளி ஆட்கள் வந்து அலமாரியைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒயர்களை இடம் மாற்றி அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றைத் தொட ஒன்று விழ, மதியம் ஒன்றரை மணிக்குத்தான் எல்லாம் சரியானது. அதற்குள் பதினேழு போன்.

கடைசிப் போனை நாத்தனார்தான் எடுத்தார். "கால் உடைஞ்சது இவளுக்கா, உங்க ஆஸ்பத்திரிக்கா? ஒரு வழியாச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

கணவர் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் மூன்று மணி நேரம் மருந்துக்கு நின்றாள் என்று எலக்ட்ரீஷியன் சொன்னது மனதில் முள்ளாகத் தைத்தது. தன் தலைக்குள் இருந்தது மூன்று வாரத்துக்கு முந்தைய மருத்துவமனை. இன்றைய மருத்துவமனை வேறு. நான் விழுந்தால் எல்லாமும் விழும்படி வைத்திருக்கிறேனே என்று நினைத்தார். பெருமையாகத் தெரிந்த ஒன்று அன்றைக்கு வெட்கமாகத் தெரிந்தது.

மீதி மூன்று வாரமும் கட்டிலில் உட்கார்ந்து படித்தார். நெட்வொர்க்கைத் தானாகவே வரைகிற மென்பொருள் ஒன்று இருப்பது முன்பே தெரியும், திரும்பிப் பார்த்ததில்லை. அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஸ்விட்ச்சிடமும் போய், "உன்னோடு யார் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள்?" என்று விசாரித்து, கிடைத்த பதிலை வைத்துப் படத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். போக்குவரத்து சீராக இருந்தால் கோடு பச்சை, நெரிசல் கூடினால் மஞ்சள், திணறினால் சிவப்பு. நேற்று இதே நேரம் எப்படி இருந்தது என்று பின்னோக்கி நகர்த்தியும் பார்க்கலாம்.

கால் தேறி வேலைக்குத் திரும்பிய முதல் நாளே நிர்வாக அதிகாரியிடம் போய் அனுமதி வாங்கினார். அதிகாரி வாயைத் திறப்பதற்குள், "என்ன நானே திட்டிக்கிட்டாச்சு, நீங்க திட்ட வேண்டியதில்ல" என்றார்.

முதல் வாரம் படமே வரவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லும்படி ஒவ்வொரு ஸ்விட்ச்சையும் பழக்கவேண்டியிருந்தது. இரண்டின் கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. ஒன்றின் கடவுச்சொல் அந்தப் பெட்டியின் முதுகிலேயே எழுதி ஒட்டியிருந்தது. இரண்டாம் வாரம் திரையில் படம் எழுந்தபோது, கோழி கிளறிய நூற்கண்டு மாதிரி இருந்தது. கருவிகளைக் குறிக்கும் வட்டங்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கி, எலக்ட்ரீஷியனோடு மாடி மாடியாக ஏறி, இது இந்த அறை, இது அந்தக் கவுண்டர் என்று பெயர் எழுதினார். இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த ஓர் அறைக்குள் ஒரு பிரிண்டர் தாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. சட்டம் போட்ட பழைய படத்தை இறக்கி ஒப்பிட்டார்கள். அதிலிருந்த எழுபது கோடுகளில் இருபத்தாறுதான் மெய்.

"அக்கா, இத மாட்டிவெச்சிருந்ததுக்கு ஒரு காலண்டர மாட்டியிருந்தா தேதியாவது தெரிஞ்சிருக்கும்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"வாயக் கொஞ்சம் மூடிக்கிட்டு ஏணியப் பிடிங்க."

நூல் பிரியப் பிரிய, இரண்டாம் மாடியில் ஒரு வட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில், நடுவில் கேள்விக்குறியோடு நின்றது. பழைய படத்தின்படி அந்த இடத்தில் ஒன்றுமே இருக்கக்கூடாது. இரண்டாம் மாடி ஸ்விட்ச்சிலிருந்து ஒரே ஒரு கேபிள் லேபுக்குள் நேராகப் போகவேண்டும். ஆனால் அந்த ஒரு கேபிளுக்குப் பின்னால் ஏழு கருவிகளின் குரல் கேட்பதாக மென்பொருள் சொன்னது. நடுவில் எதுவோ உட்கார்ந்திருக்கிறது. கேட்டால் வாய் திறக்கவில்லை. அதனால்தான் கேள்விக்குறி.

லேபின் பொறுப்பாளரை எல்லோரும் மறைவாக 'நுண்ணோக்கி' என்பார்கள். எதையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துத்தான் பேசுவார். அவருக்கும் அக்காவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகள் பதினொரு மணி வாக்கில் வார்டுகளுக்குப் போய்ச் சேராமல் அரைமணி, முக்கால் மணி தாமதமாகின்றன என்பது அவருடைய புகார். "உங்க நெட்வொர்க்தான் காரணம்" என்றார் அவர். அக்கா படத்தைப் பார்த்தார், ஸ்விட்ச்சைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. "நெட்வொர்க்ல ஒரு குறையும் இல்ல. உங்க மெஷினப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டார். வார்த்தை தடித்துப்போனது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு நிர்வாகத்திலிருந்து அவருக்குக் கடிதம்கூடப் போயிற்று. அக்கா நிர்வாகத்துக்கும் அதையே எழுதிக் கொடுத்திருந்த பதிலை அதில் ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள்.

மறுநாள் பத்தரை மணிக்கே அக்கா திரைக்கு முன் உட்கார்ந்துவிட்டார். கேள்விக்குறிக்குப் போகும் கோடு பச்சையாக இருந்தது. பத்து நாற்பதுக்கு மஞ்சள். பத்து ஐம்பதுக்குச் சிவப்பு. பதினொன்று இருபத்தைந்து வரை சிவந்தே கிடந்து, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி பச்சைக்குத் திரும்பியது. முந்தைய நாளுக்கு நகர்த்திப் பார்த்தார். அதே நேரம், அதே சிவப்பு. அதற்கு முந்தைய நாளும் அப்படியே.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அலமாரியிலிருந்து மேலேறி, பொய்க்கூரைக்கு மேல் தவழ்ந்து, லேபின் வாசலைத் தொடாமலே தாண்டி, படுக்கை விரிப்புகள் அடுக்கும் துணியறைக்குள் இறங்கியது அது. துவைத்த விரிப்புகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. கடைசி அலமாரியை நகர்த்தியபோது, சுவரோரம் தரையில் ஒரு சின்னப் பெட்டி. மேலே விரல்கடை உயரத்துக்குத் தூசி; உள்ளே ஒரு பச்சை விளக்கு மட்டும் விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. எட்டு வாய் உள்ள பழைய காலத்துப் பெட்டி. இன்றைய வேகத்தில் நூற்றில் ஒரு பங்குகூடத் தாங்காது.

எலக்ட்ரீஷியன் தூசியைத் துடைத்தார். அடியில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. 'தற்காலிகம். ஒரு வாரம் மட்டும்' என்று எழுதி, பதினாறு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி.

"அக்கா, கையெழுத்து உங்களுது மாதிரியே இருக்கே?"

"மாதிரி இல்ல" என்றார் அக்கா. "என்னோடதேதான்."

எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வருடம் லேபுக்குத் தரை மாற்றினார்கள். கருவிகளை ஒரு வாரம் வராந்தாவில் வைத்து வேலை செய்தார்கள். அவசரத்துக்கு, பழைய பெட்டி ஒன்றைத் துணியறையில் வைத்து இணைப்புக் கொடுத்தார் அக்கா. தரை முடிந்து கருவிகள் உள்ளே போயின. ஒயர் மட்டும் அந்தப் பெட்டி வழியாகவே தங்கிவிட்டது. வேலை நடந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. படம் வரைந்தபோதும், எப்படி இருக்கவேண்டுமோ அப்படித்தான் கை வரைந்ததே தவிர, இருப்பது எது என்று துணியறைக்குள் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து அறையில் புது ஸ்கேன் கருவி வந்தது. அதை மாட்டியவர்கள் கைக்கு எட்டிய சுவர் இணைப்பில் செருகிவிட்டுப் போனார்கள். அதுவும் இந்தப் பெட்டிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. காலையில் எடுத்த ஸ்கேன் படங்களை அவர்கள் மொத்தமாக அனுப்புவது பத்தரைக்கு மேல். ஒற்றையடிப் பாதையில் லாரிகள் நுழைந்தால், பின்னால் வரும் சைக்கிள் என்ன ஆகும்? லேபின் ரத்தமுடிவுகள்தான் அந்தச் சைக்கிள்.

எலக்ட்ரீஷியன் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் காலைல ஆளுங்க வர்றதுக்குள்ள இதக் கழட்டிட்டுப் புதுசு மாட்டிடுவோம் அக்கா. தாளக் கிழிச்சுப் போட்டுட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அக்கா தாளை மெதுவாக உரித்து எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. கணவர் எதிரில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா நடந்ததைச் சொன்னார்.

"எத்தன தடவ பார்த்தேன் தெரியுமாங்க? அவர் புகார் குடுத்த ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலையே."

"தெரியாது" என்றார் கணவர். "எழுதினவங்க கிட்டயே அச்சுப் பிழைய பார்க்கச் சொன்னா, தாளுல இருக்கறத படிக்க மாட்டாங்க. மனசுல இருக்கறதப் படிச்சுட்டு 'எல்லாம் சரி'ன்னு கையெழுத்துப் போட்டுடுவாங்க. அதுக்குத்தானே என்ன மாதிரி ஒருத்தன வேலைக்கு வெச்சிருக்காங்க."

"இப்ப நான் என்ன பண்றது?"

அடுப்படியிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தார். "என்ன பண்றது? போய்ச் சொல்லு. திட்டினா வாங்கிக்க. உன்னத் திட்ட ஆஸ்பத்திரில ஆளு கம்மிதானே, ஒண்ணு கூடட்டும்."

காலையில் அக்கா லேப் கதவைத் தட்டினார். நுண்ணோக்கி நிமிர்ந்து பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. அக்கா நின்றபடியே, துண்டுத்தாளை அவர் மேசையில் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

"தப்பு உங்க மெஷின்ல இல்ல சார். என் பெட்டில. ரெண்டு வருஷமா நீங்க சொன்னதுதான் சரி. மன்னிச்சிடுங்க."

அவர் தாளை எடுத்தார். வழக்கம்போலக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ரெண்டு வருஷம் மேடம்" என்றார். குரல் உயரவில்லை. "என் பசங்க கையில தாள எடுத்துக்கிட்டு நாலு மாடி ஓடினாங்க. டாக்டருங்க என்னப் பார்த்தாலே கடிகாரத்தப் பார்ப்பாங்க. ஒரு பொண்ணு 'இந்த லேப்ல வேலை பார்க்க முடியாது'ன்னு எழுதிக் குடுத்துட்டே போயிட்டா. கெட்டிக்காரப் பொண்ணு."

அக்காவுக்கு அந்தப் பெண் போனது தெரியும். ஏன் போனாள் என்று தெரியாது.

"உங்க புகாருக்கு நான் எழுதிக் குடுத்த பதில வாபஸ் வாங்கறேன் சார். காரணத்தோட எழுதியே குடுக்கறேன்."

"குடுங்க" என்றார் அவர். தாளை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா அன்றைக்கே எழுதினார். முதல் வரியிலேயே 'என் கவனக்குறைவு' என்று போட்டார். படித்த நிர்வாக அதிகாரி, "இவ்ளோ வெளிப்படையா எழுதணுமா?" என்று கேட்டார். "அவருக்கு வந்த கடிதம் வெளிப்படையாத்தானே சார் வந்துச்சு" என்றார் அக்கா. அதிகாரி கையெழுத்துப் போட்டார். லேபுக்கு அனுப்பிய கடிதம் திரும்பப் பெறப்படுகிறது என்று ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. அக்காவுக்கு ஒரு கண்டனக் குறிப்பும் வந்தது. வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சுற்றறிக்கைக்கு முன்பே, லேபுக்குப் போய்ச் சொன்ன மறுநாளே வேலை முடிந்திருந்தது. காலை ஆறரை மணி, லேபில் கூட்டம் சேராத நேரம். எலக்ட்ரீஷியன் ஏணி பிடிக்க, லேபுக்குத் தனிக் கேபிள், ஸ்கேன் அறைக்குத் தனிக் கேபிள் என்று இரண்டாம் மாடி ஸ்விட்ச்சுக்கு நேராக இழுத்து முடித்தார். துணியறைப் பெட்டியின் பச்சை விளக்கு பதினாறு வருடத்துக்குப் பிறகு அணைந்தது. ஐந்து நிமிடம் கழித்துத் திரையில் கேள்விக்குறியைக் காணோம். அந்த இடத்தில் இரண்டு கோடுகள் பிரிந்து நின்றன.

பத்தரை மணிக்கு நுண்ணோக்கி அக்காவின் அறை வாசலில் வந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன் உட்கார்ந்தார். பத்து நாற்பது. பத்து ஐம்பது. ஸ்கேன் கோடு கொஞ்சம் மஞ்சளாகித் திரும்பியது. லேப் கோடு பச்சையாகவே இருந்தது. பதினொன்று பத்துக்கு அவருடைய போன் ஒலித்தது. மூன்றாம் மாடி வார்டிலிருந்து. முடிவெல்லாம் வந்துவிட்டது, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

"விசேஷம் ஒண்ணும் இல்ல. வரவேண்டிய நேரத்துக்கு வந்திருக்கு" என்று வைத்தார்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று, "இந்தப் படத்த என் கம்ப்யூட்டர்லயும் தெரியற மாதிரி பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"பார்க்க மட்டும் முடியும் சார். மாத்த முடியாது."

"பார்க்கறதுதானே என் தொழில்" என்றார் அவர்.

சமாதானம் என்று அதைச் சொல்லமுடியாது. வராந்தாவில் எதிரே வந்தால் இன்னமும் தலையை மட்டும்தான் அசைப்பார். ஆனால் படத்தை அவர் பார்த்த மாதிரி வேறு யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு பெயரை அக்கா எழுத்துப்பிழையோடு எழுதியிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னார். மருந்தகக் கோடு மஞ்சளானால் அக்காவுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு நிர்வாக அதிகாரியும் கேட்டார், தலைமை நர்ஸும் கேட்டார். எல்லோருக்கும் பார்க்கக் கொடுத்தார் அக்கா. எலக்ட்ரீஷியன் போனிலேயே படத்தை வைத்துக்கொண்டு, எந்த ஒயர் என்று யாரையும் கேட்காமல் தானே போய்ச் சரிசெய்துவிட்டு வந்து சொன்னார். முதல் தடவை அப்படி நடந்தபோது அக்காவுக்கு ஒரு நொடி சுருக்கென்று இருந்தது உண்மைதான். அடுத்த நொடி அன்றைக்கு எடுத்துவந்த சாப்பாட்டைச் சூடாறாமல் சாப்பிட்டார்.

ஆறு மாதம் கழித்து ஒரு மதியம் லேபிலிருந்து போன் வந்தது.

"மேடம், குழந்தைங்க வார்டுல புதுசா ஒரு வட்டம் வந்திருக்கு. கேள்விக்குறி போட்டிருக்கு. இப்பதான், ரெண்டு நிமிஷம் முன்னாடி."

"பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

அக்கா படியேறிப் போனார். குழந்தைகள் வார்டின் நர்ஸ் கதவை மறித்துக்கொண்டு, கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி நின்றார். உள்ளே சுவரிலிருந்த டிவிக்கு, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த இணையத்தில் படம் காட்டும் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தது. திரையில் ஒரு கரடி வாழைப்பழத் தோலில் வழுக்கிக்கொண்டிருந்தது. கையில் ஊசி குத்திய ஏழு பிள்ளைகள் வலியை மறந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பிடுங்கிடாதீங்க அக்கா" என்றார் நர்ஸ்.

அக்கா பெட்டியின் பின்னால் குனிந்து பார்த்தார். நோயாளிகளின் பதிவுகள் போகும் இணைப்பில் செருகியிருந்தது. அதைக் கழற்றி, பார்வையாளர்களுக்கு என்று தனியாக ஒதுக்கிய இணைப்பில் செருகினார். கரடி அரை நொடி நின்று, மறுபடி வழுக்கியது.

தன் அறைக்கு வந்து திரையில் அந்த வட்டத்தைச் சொடுக்கி, 'பொம்மைப் படம், குழந்தைகள் வார்டு' என்று எழுதிச் சேமித்தார். ஒரு நிமிடத்தில் லேபிலிருந்து மறுபடி போன்.

"மேடம், எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல" என்றார் நுண்ணோக்கி. கொஞ்சம் தயங்கி, "என்ன படம் ஓடுது?" என்று கேட்டார்.